ரெசிடென்சியில் ஒரு நாடகம் எழுதுவது எப்படி: நாட்டை விட்டு வந்த நாடகக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாட்டை விட்டு ஓடி வரும் கவிஞர் நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். நாடகக்காரர் பார்வையாளரை எந்தப் பையில் போடுவார்? அரை வார்த்தை சொன்னதும் சிரித்தவர்கள், ஒரு நடிகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்த விதத்திலேயே எந்த அமைச்சரைக் கிண்டல் செய்கிறார் என்று பிடித்துக்கொண்டவர்கள், எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். புது நாட்டில் ஒரு நிறுவனம் அறை கொடுக்கிறது, மேசை கொடுக்கிறது, ஆறு வாரமோ ஒரு வருடமோ உதவித்தொகை கொடுக்கிறது. இதைத்தான் ரெசிடென்சி என்கிறோம். எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. மொழி போய்விட்டதோ என்று பயம் வரும். பெரும்பாலும் மொழி எங்கேயும் போயிருக்காது. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியாமல் போயிருக்கும்.

இந்தச் சிக்கலை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளைச் சொல்கிறேன். சில படிகள் நீளம், சில இரண்டே வரி.

கிளம்புவதற்கு முன்: காகிதங்கள்

ரெசிடென்சி வேறு, தஞ்சம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்து நிற்பவர்கள் நிறைய. எழுதுவதற்காக மட்டும் சில வாரங்கள் இடம் தரும் திட்டங்கள் ஒரு வகை. ஆபத்தில் இருக்கும் கலைஞர்களுக்கென்றே நடப்பவை இன்னொரு வகை. நார்வேயின் ஸ்டவாங்கரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐகார்ன் என்ற புகலிட நகரங்களின் கூட்டமைப்பு பொதுவாக இரண்டு வருடம் தங்க வைக்கும். அது எழுத்தாளர்களுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற கலைஞர்களுக்கும் கதவைத் திறந்தது. ஜெர்மனியில் இதே வேலைக்கு 2018 முதல் மார்ட்டின் ரோத் முன்னெடுப்பு என்ற திட்டம் இருக்கிறது. பாரிஸில் 2017-ல் தொடங்கிய ‘நாடு கடந்த கலைஞர்களின் பட்டறை’ வேலை செய்ய இடமும் தரும், காகித வேலைகளிலும் உதவும். உங்களுக்கு வந்த அழைப்புக் கடிதம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம் விசா. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். ஐரோப்பாவுக்குள் தஞ்சம் கேட்பதாக இருந்தால், பொதுவாக எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாடுதான் உங்கள் கோரிக்கையை விசாரிக்கும். அதனால் “முதலில் இந்த ரெசிடென்சிக்குப் போவோம், பிறகு வேறு நாட்டில் கேட்டுக்கொள்ளலாம்” என்று நினைப்பது பின்னால் பெரிய தலைவலியாகும். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது எல்லை தாண்டிப் பயணம் போவதும் எளிதல்ல. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் அகதிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

அவரிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: நான் ஒரு நாடகம் எழுதப் போகிறேன், அது என் வாழ்க்கையை ஒட்டி இருக்கலாம். விசாரணை அதிகாரியிடம் நீங்கள் மூன்று சகோதரர்கள் என்று சொல்லியிருப்பீர்கள், நாடகத்தில் ஒரே ஒரு தங்கை இருப்பாள். கலைஞருக்கு அது சாதாரணம். கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கும் அப்படியே படும் என்று சொல்ல முடியாது. பிரதியின் முதல் பக்கத்திலேயே “இது புனைவு” என்று எழுதிவிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உதவித்தொகை எந்த வடிவில் வரும், வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் எப்படித் தருவார்கள், வரி பிடிப்பார்களா, மருத்துவக் காப்பீடு உண்டா, குழந்தையை அழைத்து வரலாமா. இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

முதல் வாரம் எழுதாதீர்கள்

தூங்குங்கள். கடை எங்கே, பேருந்து எங்கே, கதவின் பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று பழகுங்கள். அறைக்குள் வந்த இரண்டாம் நாளே “எத்தனை பக்கம் ஆச்சு?” என்று கேட்கும் ஒருங்கிணைப்பாளர் வாய்த்தால், முதல் வாரம் ஆய்வு வாரம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

நான்கு நாற்காலி போடுங்கள்

இரண்டாம் வாரத்தின் முதல் வேலை இது. அறையில் உண்மையாகவே நான்கு நாற்காலிகளைப் போடுங்கள், இல்லாவிட்டால் தாளில் வரையுங்கள். ஒன்றில் ஊரில் விட்டு வந்த பார்வையாளர். இரண்டாவதில் உங்களைப் போலவே வெளியேறி வந்து, இந்த நகரத்தில் தட்டுக் கழுவிக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ இருக்கும் உங்கள் ஊர்க்காரர். மூன்றாவதில் இந்த நாட்டுக்காரர். நல்லெண்ணத்தோடு டிக்கெட் வாங்கி வந்தவர், உங்கள் நாட்டை வரைபடத்தில் தேடிப் பார்த்தவர். நான்காவதில் உங்களைத் துரத்திய அரசின் ஆள். அவரும் வருவார், நேரில் வராவிட்டால் யூடியூப்பில் பார்ப்பார்.

நாலு பேருக்கும் எழுத முடியாது. முதல் காட்சியை எந்த நாற்காலியைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்து, அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மூன்றாவது நாற்காலியைத் தேர்ந்தெடுத்தால் முதல் பத்து நிமிடத்தில் எதை அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்ற கேள்வி வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் எதையும் விளக்க வேண்டாம். ஆனால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்ல முடியாது. என் கருத்தைக் கேட்டால், இரண்டாவது நாற்காலிக்கு எழுதி, மூன்றாவது நாற்காலிக்காரர் ஒட்டுக் கேட்பதுபோல விடுங்கள் என்பேன். ஒட்டுக் கேட்பவர் எப்போதும் கூர்ந்துதான் கேட்பார். நான்காமவருக்காக எழுதவே வேண்டாம். திட்டுவதற்குக்கூட வேண்டாம்; திட்டினால் நாடகம் அவரைப் பற்றியதாகிவிடும்.

எந்தக் கதை

உங்களை அழைத்தவர்கள் வாய் திறந்து கேட்காவிட்டாலும் ஒரு கதையை எதிர்பார்ப்பார்கள்: எப்படிப் பிடிபட்டீர்கள், எப்படித் தப்பினீர்கள், எந்த எல்லையை எந்த இரவில் தாண்டினீர்கள். அந்தக் கதையை எழுதுவது தவறல்ல. ஆனால் நீங்கள் அதைச் சொல்லப் பழகிய இடம் விசாரணை அறை. அங்கே தேதி வரிசைப்படி சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும், முரண்பாடு இருக்கக் கூடாது, பாதிக்கப்பட்டவராக மட்டுமே இருக்க வேண்டும். நாடகத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பாத்திரம் பொய் சொல்ல வேண்டும், தன்னையே மறுக்க வேண்டும், தப்பு செய்திருக்க வேண்டும். இப்படி எழுதப்பட்ட முதல் வரைவுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். முக்கால்வாசி வாக்குமூலமாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை: உங்கள் கதாநாயகன் வெட்கப்படும் காரியம் ஒன்று அதில் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் இன்னும் அதிகாரிக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

வேறு வழிகளும் உண்டு. 1940-ல் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் பின்லாந்தில், ஹெல்லா வுவோலியோக்கி என்ற எழுத்தாளரின் மார்லெபேக் பண்ணையில் விருந்தாளியாக இருந்தார். ஹிட்லரிடமிருந்து தப்பி டென்மார்க், சுவீடன் என்று நகர்ந்து, அமெரிக்க விசாவுக்காகக் காத்திருந்த காலம். இன்றைய சொல்லில் அது ஒரு ரெசிடென்சிதான். அங்கே அவர் எழுதியது தப்பி ஓடிய கதை அல்ல. குடித்தால் மனிதனாகவும் தெளிந்தால் முதலாளியாகவும் மாறும் புன்டிலா என்ற பண்ணையாரைப் பற்றிய நகைச்சுவை. மூலப்பொருள் வுவோலியோக்கி சொன்ன கதைகளும் அவரே எழுதியிருந்த ஒரு நாடகமும். வந்த இடத்தின் கதையை எடுத்து, அதில் தான் வாழ்நாளெல்லாம் பேசிய முதலாளி, வேலைக்காரன் சிக்கலை வைத்தார்.

பெர்லினின் கார்க்கி தியேட்டரில் 2016-ல் உருவான எக்ஸைல் என்செம்பிள் என்ற குழு இன்னொரு விதமாகச் செய்தது. சிரியா, பாலஸ்தீனம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த நடிகர்கள் பேருந்தில் ஏறி ஜெர்மனியைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் பயணத்திலிருந்து யாயல் ரோனன் இயக்கத்தில் 2017-ல் ஒரு நாடகம் வந்தது. வேடிக்கை பார்க்கப்பட வேண்டியவர்களே வேடிக்கை பார்ப்பவர்களாக மாறிவிட்டார்கள்.

மூன்றாவது வழி, கதையை ஒரே அறைக்குள் அடைப்பது. போலந்தின் ஸ்வாவோமிர் ம்ரோஜெக் வெளிநாட்டில் வாழ்ந்தபோது எழுதி, 1974-ல் வெளிவந்த நாடகத்தில் இரண்டே பேர். நிலவறையில் ஒரு படிப்பாளியும் ஒரு கூலித் தொழிலாளியும், புத்தாண்டுக்கு முந்தைய இரவு, அவ்வளவுதான். இரண்டு நடிகர்கள் என்றால் போக்குவரத்துச் செலவு குறைவு, விசா சிக்கலும் இரண்டு பேருக்குத்தான். இதைக் கலைக்குக் குறைவான காரணம் என்று நினைக்காதீர்கள். பதினைந்து பாத்திரங்களோடு எழுதினால் அரங்கேற்றும் தேதி தள்ளிக்கொண்டே போகும்.

பொருள் சேர்த்தல்

மூன்று நாள் ஒதுக்குங்கள். சம்பவங்களைத் தேடாதீர்கள்; சத்தங்களையும் கைவேலைகளையும் தேடுங்கள். ஒத்திகைக் கூடத்தின் எந்தப் பலகை கிரீச்சிட்டது, தணிக்கை அதிகாரி பிரதியில் எந்த நிறப் பேனாவால் கோடு போட்டார், கிளம்பிய இரவு வீட்டுச் சாவியை என்ன செய்தீர்கள். சாவி நல்ல கேள்வி. ஒருவர் பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பார், ஒருவர் கதவிலேயே விட்டிருப்பார், ஒருவர் இன்னும் சட்டைப் பையில் வைத்திருப்பார். மூன்றும் மூன்று வேறு நாடகங்கள்.

இதில் இரவு பத்து மணிக்கு மேல் உட்காராதீர்கள். கிளறினால் எல்லாம் கிளம்பும், தூக்கம் போகும். ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்து, முடிந்ததும் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். உடல் நடுங்குகிறது, அதே காட்சி கனவில் வருகிறது என்றால் எழுத்தை நிறுத்திவிட்டு மனநல உதவியைக் கேளுங்கள். நாடகம் சிகிச்சை ஆகாது.

குறிமொழியைக் கற்றுக்கொடுப்பது: ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்போம்

உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இங்கே யாருக்கும் தெரியாது. இதைச் சமாளிக்கப் புது எழுத்தாளர்கள் பாத்திரத்தின் வாயில் கட்டுரையைத் திணிப்பார்கள்: “அம்மா, நம் தொலைபேசியை அரசு ஒட்டுக் கேட்கிறது, அதனால் நாம் வெளிப்படையாகப் பேச முடியாது.” உண்மையில் எந்த மகளும் அம்மாவிடம் இப்படிப் பேச மாட்டாள், பேசினால் அம்மா போனை வைத்துவிடுவாள்.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் காட்சி. மகள் வெளிநாட்டில், பொதுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு அம்மாவோடு போனில் பேசுகிறாள். ஸ்பீக்கரில் குரல் வருகிறது.

“சாப்பிட்டியா?”
“இப்பத்தான் சமைக்கறேன். அங்க மழையா?”
“நம்ம தெருவுல இல்ல. பின் தெருவுல நல்ல மழை. பெரியப்பா ஊருக்குப் போயிருக்கார்.”

மகளின் கத்தி நிற்கிறது. “எப்போ?” “நேத்து ராத்திரி.” “துணி எடுத்துட்டுப் போனாரா?” “இல்ல. சட்டைகூடப் போடல.”

யாரும் எதையும் விளக்கவில்லை. சட்டைகூடப் போடாமல் யாரும் ஊருக்குப் போக மாட்டார்கள், அதுவும் ராத்திரியில். மூன்றாவது நாற்காலிக்காரருக்குப் பாதி புரிந்துவிட்டது. நான்காவது காட்சியில் அம்மா சாதாரணமாக, “இங்க மழை வர்ற மாதிரி இருக்கு” என்று சொன்னால் போதும், அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் எப்போதாவது உண்மையான மழை பெய்யட்டும், அம்மா “ஐயோ, நிஜ மழைதான்டி!” என்று கத்தட்டும். பயமும் சிரிப்பும் ஒரே வரியில் வரும். ஒரு குறியை மூன்று முறை பயன்படுத்த வேண்டும்: முதல் முறை கற்றுக்கொடுக்க, அடுத்த முறை அடிக்க, மூன்றாம் முறை கவிழ்க்க. ஒரு நாடகத்தில் இப்படி இரண்டு, மூன்று குறிகளுக்கு மேல் வேண்டாம். பார்ப்பவர் அகராதி தேட வரவில்லை.

உங்கள் ஊரில் உண்மையிலேயே இன்று புழங்கும் குறிச்சொல்லை மட்டும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அந்தச் சொல்லை நம்பி யாரோ இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அங்கே இருப்பவர்கள்

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒரு ஆளைக் காட்டிக்கொடுப்பது பெயர் மட்டுமல்ல. தொழில், தெரு, நொண்டும் கால், அவர் மட்டுமே சொல்லும் ஒரு பழமொழி எல்லாமும்தான். வரைவு முடிந்ததும் உங்கள் ஊரைத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லி, “இது யாரென்று தெரிகிறதா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பாத்திரத்தை உடைத்து இரண்டு பேராக்குங்கள், இல்லை இரண்டு பேரைச் சேர்த்து ஒருவராக்குங்கள்.

ஒத்திகைப் படங்கள், நிறுவனத்தின் சமூக ஊடகப் பதிவுகள், வாசிப்பின் வீடியோ மூன்றுக்கும் உங்கள் அனுமதி தேவை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைக்கான 1886-ன் பெர்ன் உடன்படிக்கை புனைபெயரிலும் பெயரில்லாமலும் வெளிவரும் படைப்புகளையும் பாதுகாக்கிறது.

கூட்டாக எழுதும்போது

இரண்டு மூன்று பேர் சேர்ந்து ரெசிடென்சிக்கு வருவது இப்போது அதிகம். ஊரில் பெரிய இயக்குநராக இருந்தவரும் நேற்றுப் பள்ளி முடித்த நடிகையும் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்வார்கள். பழைய படிநிலை பையோடு சேர்ந்தே வந்திருக்கும். சண்டை வரும். நான் உடனிருந்த ஒரு குழுவில் மூன்றாவது வாரம் முழுக்க ஒரே சண்டை: யார் அதிகம் கஷ்டப்பட்டது என்பது. சிறைக்குப் போனவரின் காட்சியை வெட்டலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தக் காட்சியோ இருபது நிமிடம் நகராமல் நின்றது. கடைசியில் சிறைக்குப் போனவரே அதைக் கத்தரித்தார், ஆறு நிமிடமாக.

அதனால் முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: பேசிப் பேசிப் பொருள் சேர்ப்பது எல்லோரும், கடைசி வரியை எழுதும் கை ஒருவருடையது, பெயர் எந்த வரிசையில் வரும், வருமானம் எப்படிப் பிரியும், ஒருவர் பாதியில் விலகினால் அவர் கதை என்னாகும். இடம் கொடுத்தவர்களின் கதையை எடுத்தாலும் இது பொருந்தும். பிரெக்டின் புன்டிலா பிரதியிலேயே, வுவோலியோக்கியின் கதைகளையும் நாடக வரைவையும் தழுவியது என்ற குறிப்பு இருக்கிறது.

குழுவில் சிலர் இன்னும் ஊரிலேயே இருந்தால் தொலைவிலிருந்தும் வேலை செய்யலாம். பெலாரஸ் ஃப்ரீ தியேட்டர் 2005-ல் மின்ஸ்க் நகரில் தொடங்கியது. நிறுவனர்கள் 2011-ல் லண்டனில் தஞ்சமடைந்த பிறகு, மின்ஸ்க்கில் இருந்த நடிகர்களோடு ஸ்கைப் வழியாக ஒத்திகை நடத்தினார்கள். இதில் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் ஆபத்து. எந்த நேரம், எந்தச் செயலி, கேமரா வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

வரைவு, மொழிபெயர்ப்பு, வாசிப்பு

முதல் வரைவை எந்த மொழியில் கனவு காண்கிறீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். புது மொழியில் நேரடியாக எழுதினால் சின்ன வாக்கியங்கள்தான் வரும், எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி பேசுவார்கள். புது மொழியில் தடுமாறும் பாத்திரம் ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் உங்கள் தடுமாற்றத்தைக் கொடுங்கள், அது சொத்து.

பாதிக் காலம் முடியும்போது, மோசமாக இருந்தாலும், முழு வரைவு கையில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கடைசி வாரத்தில் கூப்பிடாதீர்கள், மூன்றாவது காட்சி எழுதும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள். “இந்த வசைச்சொல்லுக்கு எங்கள் மொழியில் இவ்வளவு பாசம் கிடையாது” என்று அவர் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லில் பாசம் இருப்பதே உங்களுக்குத் தெரியவரும்.

மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஓட விடுவதாக இருந்தால் அதற்கென ஒரு கணக்கு உண்டு. ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அது திரையில் வராது. நகைச்சுவைக்கு இன்னொரு ஆபத்து: நடிகர் சொல்வதற்கு முன்பே பார்வையாளர் வரியைப் படித்துச் சிரித்துவிடுவார், நடிகர் அசடு வழிவார். சிரிப்பு வரும் சொல்லைத் தனி வரியாகப் பிரித்து, நடிகர் வாயைத் திறக்கும் நொடியில் போடச் சொல்லுங்கள்.

கடைசி வாரத்துப் பொது வாசிப்பை அரங்கேற்றம் போல அலங்கரிக்க வேண்டாம். நாற்காலி, பிரதி, தண்ணீர் பாட்டில், 45 நிமிடம். முடிந்த பின் கேள்வி நேரம் வரும். யாராவது ஒருவர் நாடகத்தை விட்டுவிட்டு “நீங்கள் எப்படித் தப்பினீர்கள்?” என்று கேட்பார். பதிலை முன்பே தயார் செய்து வையுங்கள். “அதைப் பற்றிப் பேச மாட்டேன், இரண்டாவது காட்சியைப் பற்றிக் கேளுங்கள்” என்பது முழுமையான பதில். கேள்வி நேரத்தை நடத்துபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். வாசிப்பின்போது குறிப்பு எடுக்க ஒரு நண்பரை உட்கார வைத்து, யார் என்ன சொன்னார்கள் என்பதை விட எந்தப் பக்கத்தில் இருமல் கேட்டது என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள்.

அறையைக் காலி செய்யும் முன்

அரங்கேற்றம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1940-ல் எழுதிய புன்டிலா மேடையேறியது 1948-ல், சூரிச்சில். அதனால் பிரதி எட்டு வருடம் தாக்குப்பிடிக்கும்படி கட்டி வையுங்கள். மூல மொழியில் ஒரு பி.டி.எஃப்., மொழிபெயர்ப்பில் ஒன்று, இரண்டு பக்கக் கதைச் சுருக்கம், எத்தனை நடிகர், எவ்வளவு நேரம், மேடைக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கம். எல்லாவற்றிலும் தேதியும் வரைவு எண்ணும். முதல் அரங்கேற்ற உரிமையை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தேதி இல்லையென்றால் கிளம்புவதற்கு முன்பே போட வையுங்கள். ஒரு நகல் உங்களிடம், ஒன்று மொழிபெயர்ப்பாளரிடம், இன்னொன்று நீங்கள் இருக்கும் நாட்டிலும் இல்லாமல் விட்டு வந்த நாட்டிலும் இல்லாமல் வேறொரு நாட்டில் வசிக்கும் நண்பரிடம். சுவரில் ஒட்டிய தாள்களைப் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிக் கிழித்துவிட்டு, சாவியை மேசையில் வையுங்கள்.